மறையூர் மலைக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் மறையூர், காந்தளூர் பக்கம் போக நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. மறையூரில் பிறந்து, அங்கேயே பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் பதில் சொல்கிறார்.

திருப்பூரிலிருந்து: சார், மூணாறு போகிற வழியில் மறையூரை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட முடியுமா?

முடியும். சந்தனக் காட்டின் கம்பிவேலியையும் வெல்லக் கடைகளின் பலகைகளையும் பார்த்துவிட்டுப் போய்ச் சேரலாம். உடுமலைப்பேட்டையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம், மூணாற்றிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இப்படி நடுவில் மாட்டிக்கொண்டதால் எங்கள் ஊரை எல்லாரும் கடந்து போகிறார்கள், யாரும் வருவதில்லை. ஓர் இரவாவது தங்குங்கள்.

உடுமலையிலிருந்து வந்தால் ஒன்பதாறு சோதனைச்சாவடி, பிறகு சின்னாறு சரணாலயம். பஸ் உண்டு. சொந்த வண்டி என்றால் பொழுது சாய்வதற்குள் காட்டைக் கடந்துவிடுங்கள். இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. யானை நின்றால் தள்ளியே நிறுத்திக் காத்திருங்கள். ஹாரன் அடிப்பதும் இறங்கிப் படம் எடுப்பதும் வேண்டாம்.

சென்னையிலிருந்து: ஜூலையில் வந்தால் மழையில் சிக்கிக்கொள்வோமா?

மூணாற்றில் சிக்கிக்கொள்வீர்கள். மறையூர் மழை மறைவுப் பகுதி. அங்கே கொட்டித் தீர்க்கும்போது இங்கே சாரலும் காற்றும்தான். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்.

மதுரையிலிருந்து: முனியறைகள் பாண்டவர்கள் வனவாசத்தில் தங்கிய இடம் என்று ஜீப் ஓட்டுநர் சொன்னார். உண்மையா ஐயா?

என் பாட்டியும் அப்படித்தான் சொன்னார். முனிவர்கள் தவம் செய்தார்கள் என்று இன்னொரு கதையும் உண்டு. ஆனால் ஒரு முனியறைக்குள் குனிந்து பாருங்கள். பீமன் கால் நீட்ட அதில் இடம் ஏது?

அவை பெருங்கற்கால மக்கள் தங்கள் இறந்தவர்களுக்காக எழுப்பிய ஈமச் சின்னங்கள். பலகை போன்ற கற்களைப் பக்கங்களில் நிறுத்தி, மேலே ஒரே பெரிய மூடுகல்லை வைத்திருப்பார்கள். கல்திட்டை என்று தொல்லியல் நூல்களில் படித்திருப்பீர்கள். பல இடங்களில் இத்தகைய திட்டைகளின் பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும், இடுதுளை என்பார்கள். இரும்புக் கருவியும் கயிறும் ஆள்பலமும் மட்டும் இருந்த காலத்தில் அந்த மூடுகல்லை எப்படி ஏற்றினார்கள் என்று யோசித்துக்கொண்டே அரை நாளை அங்கே கழிக்கலாம். பாண்டவர் கதையை விட எனக்கு அதுதான் பெரிய கதை.

கோவில்கடவில் பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில் இருக்கிறது. அதை ஒட்டிய பாறை மேட்டில் முனியறைகளைப் பார்க்கலாம். காலை வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், பாறை கொதிக்கும். பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் சேர்கிற ஆறு என்பதையும் கவனியுங்கள். கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே மூன்று.

ஒரு வேண்டுகோள். மூடுகல் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். சரிந்து கிடப்பவை நிறைய, உடைந்தவையும் நிறைய. உங்கள் ஊர் இடுகாட்டில் இப்படிச் செய்வீர்களா?

கோவையிலிருந்து: கேரளத்துக்குள் இருந்தும் அங்கே வீட்டுப் பேச்சு தமிழாக இருப்பது எப்படி?

மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி. இந்த ஐந்து ஊர்களும் சேர்ந்ததுதான் அஞ்சுநாடு. மதுரையில் போர் மூண்டபோது முன்னோர்கள் மலையேறி வந்து இங்கே வயல் திருத்தினார்கள் என்பது ஊர்க்கதை. எந்தப் போர் என்று மட்டும் கேட்காதீர்கள். ஒருவர் திருமலை நாயக்கர் காலம் என்பார், அடுத்தவர் திப்புவின் படை என்பார். இரண்டுக்கும் நடுவே நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. பல தலைமுறைகளாகச் சிறுசிறு கூட்டமாக வந்தவர்கள், பிற்பாடு எல்லா வருகையையும் ஒரே ஓட்டமாகச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆவணங்களுக்கு வந்தால், 1877இல் பூஞ்ஞாறு அரசர் வெள்ளைக்காரர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்குக் கொடுத்த நிலத்தின் பெயரே கண்ணன் தேவன் அஞ்சுநாட்டு மலை. தேயிலைக்குக் காடு அழிந்தது அதற்குப் பிறகுதான். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது எங்கள் ஊர்கள் அடங்கிய தேவிகுளம் வட்டத்தைத் தமிழர்கள் கேட்டார்கள், அது கேரளத்தோடு இருந்துவிட்டது. பேச்சு மாறவில்லை.

சேலத்திலிருந்து: முதுவர் பழங்குடியினரின் குடிகளுக்குப் போய் அவர்கள் வாழ்க்கையைப் பார்க்க ஆசை.

அழைப்போ வனத்துறை அனுமதியோ இல்லாமல் போகாதீர்கள். அது அவர்கள் வீடு, கண்காட்சி இல்லை. சின்னாற்றில் வனத்துறை நடத்தும் நடைப்பயணங்களுக்குப் பழங்குடியினரே வழிகாட்டிகளாக வருகிறார்கள். அவர்களோடு நடந்தால் காட்டைப் பற்றி நூல்களில் இல்லாததெல்லாம் காதில் விழும்.

முதுவர்களும் மதுரையிலிருந்துதான் புறப்பட்டார்களாம், மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு. எங்கள் மலையில் எந்தக் கதையைத் தொட்டாலும் அது மதுரையிலிருந்தே கிளம்புகிறது. முனியறைக்காரர்கள் மட்டும்தான் எங்கிருந்து வந்தோம் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை.

தேனியிலிருந்து: அப்படியென்றால் கண்ணகி கோயிலையும் சேர்த்துப் பார்த்துவிடலாமா அண்ணா?

தம்பி, மங்கலதேவி கோட்டம் இருப்பது குமுளிப் பக்கம், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். மறையூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல். அதோடு சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும்தான் மக்களை விடுவார்கள். இடுக்கி, தேனி இரண்டு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து நடத்துகிற விழா. குமுளியிலிருந்து ஜீப், அல்லது உங்கள் பக்கம் பளியன்குடியிலிருந்து நடை. மதுரையை விட்டு வைகைக் கரை வழியே நடந்து வந்து வேங்கை மரத்தடியில் நின்றவளைப் பார்க்கப் போகிறீர்கள். நடந்தே ஏறுங்கள், அதுதான் முறை. இதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து: குறிஞ்சி எப்போது?

மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் 2018இல் பூத்தது. அடுத்தது 2030.

கரூரிலிருந்து: அம்மாவுக்கு மூட்டுவலி. அவரை அழைத்து வரலாமா?

தாராளமாக. தென்காசிநாதர் கோயிலுக்கும் காந்தளூர்த் தோட்டங்களுக்கும் வண்டியிலேயே போகலாம். காந்தளூர் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம், ராத்திரி குளிரும், ஒரு கம்பளி எடுத்து வாருங்கள். பாறை ஓவியங்கள் இருக்கும் குகைகளும் தூவானம் அருவியும் நடக்க வேண்டிய இடங்கள், அம்மாவுக்கு வேண்டாம்.

நாகர்கோவிலிலிருந்து: திரும்பும்போது சந்தனக் கட்டை, வெல்லம் இரண்டும் வாங்க வேண்டும். எங்கே வாங்குவது?

கட்டையை மறந்துவிடுங்கள். யாராவது ரகசியமாக நீட்டினால் அது திருட்டுச் சந்தனமாகவோ போலியாகவோ இருக்கும். முதலாவது என்றால் நீங்கள் ஜாமீனுக்கு அலைய வேண்டும். அசல் சந்தனத்தை வனத்துறை ஏலம் விடுகிறது.

வெல்லம் வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம், அதனால் வெளியூர் வெல்லமும் மறையூர் பெயரில் விலை போகிறது. சாலையோரக் கடையில் மஞ்சளாக மின்னுவதை நம்பாதீர்கள். கரும்பு வயலுக்குள் ஆலைக் கொட்டகைகளில் புகை தெரியும். அங்கே போனால் கரும்புச் சக்கையை எரித்துப் பாகு காய்ச்சுவதையும், சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டுவதையும் பார்க்கலாம். கரும்பழுப்பாக, விரல் தடம் பதிந்த உருண்டையாகக் கேட்டு வாங்குங்கள்.