ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைக்கு இளங்கலைக் கடன் வேண்டுமா?

கேள்வி: என் மகள் வேதியியல் படித்து ஆராய்ச்சியாளராக விரும்புகிறாள். புகழ்பெற்ற கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு ஆண்டுக் கட்டணத்துக்கும் கடன்தான் வழி. அதிகம் பெயர் தெரியாத இன்னொரு கல்லூரி, கட்டணம் முழுவதையும் உதவித்தொகையாகத் தருகிறது. பெயருள்ள இடத்தை விடாதே என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?

பதில்: உதவித்தொகை தரும் கல்லூரிதான் என் தேர்வு. அதற்குமுன் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு.

இளங்கலை முடித்ததும் வேலைக்குப் போகிறவர் உடனே கடனை அடைக்கத் தொடங்கலாம். உங்கள் மகளுக்கு அதன்பிறகு முனைவர் பட்டம் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் 25 வீதம் நான்கு ஆண்டுகளில் 100 கடன் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 10 சதவீதம், கூட்டு வட்டி. இளங்கலை முடியும்போது நிலுவை சுமார் 128. தவணை கட்டாமல் இன்னும் ஐந்து ஆண்டுகள் போனால் 205. முனைவர் பட்டம் வாங்கும் நாளில் கடன் இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும். பல நாடுகளில் அறிவியல் முனைவர் படிப்புக்கு மாத உதவித்தொகை உண்டு. அது வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும். இந்தச் சுமைக்கு அஞ்சி நல்ல மூளைகள் ஆராய்ச்சியைக் கைவிடுவது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டபோது, கடும் போட்டியுள்ள கல்லூரியில் சேர்ந்தவரும் அதைத் தவிர்த்தவரும் பிற்காலத்தில் ஏறத்தாழ ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்குப் பெரிய கல்லூரி கைகொடுத்தது. உங்கள் நிலை அதுவென்றால், வருமானச் சான்றையும் மற்றக் கல்லூரியின் கடித நகலையும் இணைத்து, புகழ்பெற்ற கல்லூரியிடம் கட்டணச் சலுகை கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்து, உதவித்தொகைக் கடிதத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். என்னிடம் ஒரு தந்தை கொண்டுவந்த கடிதத்தின் முதல் பக்கத்தில் 'முழுக் கட்டண விலக்கு' என்று தடித்த எழுத்தில் இருந்தது. மூன்றாம் பக்கத்தின் அடியில், எந்தப் பருவத்திலும் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் உதவி நின்றுவிடும், திரும்பக் கிடைக்காது என்று பொடி எழுத்தில் இருந்தது. வேதியியலில் முதல் ஆண்டு பலருக்குச் சறுக்கும். ஒரு பருவமாவது அவகாசம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முனைவர் படிப்புக்குத் தேர்வு செய்கிறவர்கள் ஆய்வு அனுபவத்தையும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் கூர்ந்து பார்ப்பார்கள். ஆகவே மகளை அழைத்துக்கொண்டு உதவித்தொகை தரும் கல்லூரியின் ஆய்வகத்துக்குப் போய்வாருங்கள். பொருள்களின் தன்மையை ஆராயும் கருவியான நிறமாலைமானிக்குப் பக்கத்தில் பயன்பாட்டுப் பதிவேடு இருந்தால் காட்டச் சொல்லுங்கள். அதில் இளங்கலை மாணவர்களின் பெயர்கள் அண்மைத் தேதிகளில் இருந்தால் தயங்காமல் சேருங்கள். கருவி உறைபோட்டு மூடிக் கிடந்தால், கையெழுத்திடும் முன் எனக்கு மீண்டும் எழுதுங்கள்.