மலக்குடல் புற்றுநோய்க்கு ரோபோ ஆபரேஷன் என்கிறார்களே, அது என்ன?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து குடல் புற்றுநோய்க்காகப் பெங்களூருக்கோ சேலத்துக்கோ போகிறவர்களிடம் "ரோபோவில் செய்யலாம்" என்று டாக்டர் சொன்னால், முதலில் வருவது பயம்தான். விஷயம் இதுதான்: வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள கருவிகளை உள்ளே விட்டு, கட்டி இருக்கும் குடல் பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். கருவிகளைப் பிடித்திருப்பவை இயந்திரக் கைகள். அவற்றை இயக்குவது, அதே அறையில் திரை முன் உட்கார்ந்திருக்கும் டாக்டர்.

ஏன் இவ்வளவு ஏற்பாடு? மலக்குடல் இடுப்பெலும்புகளுக்கு நடுவே குறுகலான குழிக்குள் இருக்கிறது. சிறுநீரையும் தாம்பத்தியத்தையும் கட்டுப்படுத்தும் மெல்லிய நரம்புகள் அதை ஒட்டியே ஓடுகின்றன. கட்டியை முழுசாக எடுக்க வேண்டும், நரம்பும் அறுபடக் கூடாது.

நம்மூர் மாந்தோப்பில் தொரட்டி பிடித்திருப்பீர்கள். கீழே கை லேசாக அசைந்தால் நுனி ஒரு முழம் ஆடும். கிளைக்குப் பின்னால் இருக்கும் காயை வளைந்து பறிக்கவும் முடியாது. ரோபோ இல்லாமல், சின்னத் துளைகள் வழியே டாக்டரே கையில் கருவி பிடித்துச் செய்யும் வழக்கமான லேப்ராஸ்கோப்பியின் கருவியும் அப்படி நீளமான நேர்க்கம்பிதான். ரோபோ கருவியின் நுனியிலோ மணிக்கட்டு போல மடங்கித் திரும்பும் மூட்டு இருக்கிறது. கை நடுக்கத்தையும் இயந்திரம் வடிகட்டிவிடும்.

அப்புறம், மேலே உள்ள பெருங்குடலில் இடம் தாராளம். அங்கே பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியே போதும். எந்த இயந்திரம் என்பதைவிட, செய்யும் டாக்டரின் அனுபவத்தை முதலில் விசாரியுங்கள் என்பேன்.

ரோபோ தானாக அறுத்துவிடும் என்று பலர் நினைப்பது தவறு: பரவலாகப் பயன்படும் டா வின்சி இயந்திரத்தில், டாக்டர் திரையிலிருந்து தலையை எடுத்தாலே கருவிகள் அப்படியே நின்றுவிடும்.