கார் கேள்வி – பதில்: வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஸ்மாக் டெஸ்டில் மட்டும் ஏன் ஃபெயில்?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் எல்லாமே ஸ்மாக், அதாவது வண்டியின் புகைச் சோதனை. பிரேக், டயர் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.

கேள்வி: அண்ணா, எங்கள் 2012 கேம்ரிக்குப் போன வாரம் பேட்டரி மாற்றினோம். ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க ஸ்மாக் டெஸ்டுக்குக் கொண்டுபோனால் ஃபெயில் என்கிறார்கள். செக் இன்ஜின் லைட் எரியவில்லை, வண்டியும் நன்றாக ஓடுகிறது. தாளில் "மானிட்டர் இன்கம்ப்ளீட்" என்று இரண்டு மூன்று வரிகளில் போட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு மெக்கானிக், ஆக்சிஜன் சென்சார் மாற்றினால் சரியாகிவிடும், 400 டாலர் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா?
– வாசகி, ஃப்ரீமாண்ட்

பதில்: வேண்டாம்மா. அந்த 400 டாலர் உங்களிடமே இருக்கட்டும்.

காரில் கோளாறு என்று அந்தத் தாள் எங்கேயும் சொல்லவில்லை. பரீட்சையில் தோற்றவன் வேறு, பரீட்சையே எழுதாதவன் வேறு. உங்கள் கேம்ரி இரண்டாவது ரகம்.

1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் ஓபிடி-2 என்ற ஏற்பாடு உண்டு. புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று காரின் கம்ப்யூட்டரே சோதித்துக்கொள்ளும். அப்படி ஒவ்வொரு சோதனைக்கும் பெயர்தான் மானிட்டர். சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஃபையர் ஆகிறதா, எரிபொருள் கலவை சரியா என்பது போன்ற சில சோதனைகள் இன்ஜின் ஓடும்போதெல்லாம் நடந்துகொண்டே இருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார், அதன் ஹீட்டர், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர், பெட்ரோல் ஆவி வெளியேறாமல் பிடிக்கும் ஈவாப் ஆகியவற்றின் சோதனைகள் அப்படி இல்லை. அதற்கென்று சூடு, வேகம், நேரம் எல்லாம் கூடிவந்தால்தான் நடக்கும். நடந்து முடிந்ததும் "தயார்" என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றியபோது அந்தக் குறிப்புகள் அழிந்துவிட்டன, அவ்வளவுதான்.

சைலன்சரில் குழாயை விட்டுப் புகை அளப்பார்கள் என்று நம் ஆட்கள் பலர் இன்னும் நினைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1999 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் அது. 2000 மாடலுக்கும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கும் 2015-இலிருந்து குழாயே கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் வயரைச் சொருகிக் கம்ப்யூட்டரிடம் கேட்பார்கள். அப்புறம் பாகங்களைக் கண்ணால் ஒருமுறை பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் "நான் இன்னும் பார்க்கவில்லை" என்றால் டெஸ்ட் அதோடு முடிந்தது.

இங்கே உள்ள விதி: 2000 மாடல் முதல் வந்த பெட்ரோல் காரில் ஈவாப் ஒன்று மட்டும் பாக்கி இருக்கலாம், மற்றதெல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆகவே தாளில் ஈவாப் வரியை விட்டுவிட்டு மற்ற வரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் கேட்டலிஸ்ட், அதாவது கன்வெர்ட்டர் சோதனை, இருக்கும். அதுதான் கடைசியில் முடியும் அழுத்தக்காரன்.

இப்போது ஓட்டும் முறை. டேங்க்கில் பாதி பெட்ரோல் வைத்துக்கொள்ளுங்கள். கால் பங்குக்குக் கீழேயும் வேண்டாம், முக்கால் பங்குக்கு மேலேயும் வேண்டாம். இரவு முழுக்க வண்டி நிற்கட்டும். காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் அப்படியே ஓடவிடுங்கள், கராஜுக்கு வெளியே நிறுத்தித்தான். பிறகு ஊருக்குள் சிக்னலில் நின்று நின்று பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஃப்ரீவே பிடியுங்கள். 880-ஐ நம்பாதீர்கள், அங்கே ஒரே வேகத்தில் ஓடுவது ரேடியோ மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 280-க்குப் போங்கள். குப்பர்டினோ தாண்டியதும் வலது லேனில் க்ரூஸ் கன்ட்ரோலை 60 மைலுக்கு வைத்து, கால் மணி நேரம் ஆக்சிலரேட்டர் பக்கமே கால் போகாமல் ஓட்டுங்கள். கன்வெர்ட்டர் நன்றாகச் சூடான பிறகு அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அந்தக் கணக்கைப் பாதியில் விட்டுவிடும். எக்ஸிட் வரும்போது, பின்னால் யாரும் இல்லையென்றால், பிரேக் தொடாமல் காலை எடுத்துவிட்டு வண்டி தானாக வேகம் குறைய விடுங்கள். சில சோதனைகள் அப்போதுதான் நடக்கும்.

ஒரே நாளில் எல்லாம் முடிய வேண்டும் என்று இல்லை. ஒரு வாரம் இப்படிப் போய்வாருங்கள். நடுவில் மறுபடி பேட்டரியைக் கழற்றாதீர்கள், யாரும் ஸ்கேனரில் "கிளியர்" அமுக்க விடாதீர்கள்.

ஈவாப் உங்களுக்குக் கட்டாயம் இல்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன், பலர் பயந்துபோய்க் கேட்பதால். டொயோட்டாக்கள் பலவற்றில் ஈவாப் சோதனை நடப்பது நீங்கள் தூங்கும்போது. சாவியை எடுத்து சுமார் 5 மணி நேரம் கழித்துப் பெட்ரோல் டேங்க் பக்கம் ஒரு சின்ன பம்ப் தானாக ஓடி, உள்ளே வெற்றிடம் உண்டாக்கி, எங்காவது கசிகிறதா என்று பார்க்கும். அப்போது நிலைமை சரியில்லை என்றால் 7 மணி நேரத்தில், அதுவும் இல்லையென்றால் ஒன்பதரை மணி நேரத்தில் மறுபடி முயலும். நடுராத்திரியில் கராஜில் "உம்ம்ம்" என்று சத்தம் கேட்டால் பேயும் இல்லை, எலியும் இல்லை.

கேள்வி: "ஊற்றினால் ஸ்மாக் பாஸ்" என்று பாட்டிலில் விற்கிறார்களே, அது மானிட்டருக்கு உதவுமா?
– வாசகர், சான் ரமோன்

பதில்: கடைக்காரருக்கு உதவும்.

கேள்வி: சார், என் 2014 காரில் செக் இன்ஜின் லைட் வந்தது. நண்பர் 20 டாலர் ப்ளூடூத் ஸ்கேனரைச் சொருகி, பி0456 என்ற கோளாறுக் கோட் இருப்பதைப் பார்த்து அழித்துக் கொடுத்தார். லைட் போய்விட்டது. நான்கு நாள் கழித்து ஸ்கேனரில் எல்லா மானிட்டரும் தயார் என்று காட்டியது, ஈவாப் மட்டும் பாக்கி. அதுதான் பாக்கி இருக்கலாமே என்று டெஸ்டுக்குப் போனேன். அப்படியும் ஃபெயில்! இது என்ன நியாயம்?
– வாசகர், மில்பிடாஸ்

பதில்: நியாயம் இருக்கிறது. உங்களைப் போல யோசிப்பவர்களுக்காகவே கொண்டுவந்த நியாயம்.

சுமார் 2010 மாடலிலிருந்து வரும் கார்களில் "நிரந்தரக் கோட்" என்று தனியாக ஒன்று பதிவாகிறது. ஸ்கேனரில் அழித்தாலும் போகாது, பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. அந்தக் குறிப்பிட்ட சோதனையைக் கார் தானே நடத்தி, கோளாறு இல்லை என்று கண்டால்தான் அழியும். 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியா ஸ்மாக் டெஸ்டில் இதையும் பார்க்கிறார்கள். உங்கள் வண்டியில் ஈவாப் சோதனை நடக்கவே இல்லை, ஆகவே பி0456-இன் நிரந்தரப் பதிவு அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஒரு வழி விட்டிருக்கிறார்கள். கோட் அழித்த பிறகு குறைந்தது 200 மைல் ஓட்டி, 15 முறை இன்ஜின் குளிர்ந்து சூடாகியிருந்தால் நிரந்தரக் கோட் இருந்தாலும் அதற்காக ஃபெயில் செய்ய மாட்டார்கள். ஆனால் "சூடாவது" என்றால் என்ன என்பதற்குக் கணக்கு உண்டு: ஸ்டார்ட் செய்த நேரத்தைவிடக் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 40 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது ஏறி, 160 டிகிரியைத் தொட வேண்டும். காஸ்ட்கோ கடைக்குப் போய் அரை மணியில் திரும்பி வந்தால் இன்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும், அந்தத் திரும்பும் பயணம் கணக்கில் வராது.

அதைவிட, கோட் ஏன் வந்தது என்று பாருங்களேன். பி0456 என்றால் ஈவாப்பில் சின்னக் கசிவு. சின்னது என்றால் எவ்வளவு? 0.020 அங்குலத் துளை, அதாவது அரை மில்லிமீட்டர். அதைக்கூட உங்கள் கார் கண்டுபிடித்துச் சொல்கிறது, நாம்தான் அதன் வாயை அடைக்கப் பார்க்கிறோம். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு இருக்கும், அல்லது ஒரு பக்கம் தட்டையாகி இருக்கும், அல்லது மண் ஒட்டியிருக்கும். மூடி உட்காரும் கழுத்தின் விளிம்பில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடி பழுது என்றால் அந்தக் கார் கம்பெனியின் மூடியையே வாங்குங்கள். அளவு ஒத்துவருகிறது என்று விற்கும் மலிவு மூடிகள் திரும்பத் திரும்ப இதே கோட்டைக் கொண்டுவருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். "கிளிக்" சத்தம் கேட்கும்வரை திருகி மூடுங்கள்.

கோளாறு சரியானால் லைட்டை யாரும் அணைக்க வேண்டியதில்லை. அந்தச் சோதனை அடுத்தடுத்து மூன்று பயணங்களில் பாஸானால் தானாக அணையும். மற்ற மானிட்டர்களின் "தயார்" குறிப்பும் அழியாமல் அப்படியே இருக்கும். நண்பர் கிளியர் அமுக்கியதால்தான் நீங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஸ்கேனர் நல்ல சாமான், வைத்துக்கொள்ளுங்கள். படிக்க மட்டும்.

கேள்வி: ரெஜிஸ்ட்ரேஷன் கெடு நாளை மறுநாள். மானிட்டர் தயாராக இன்னும் ஒரு வாரம் ஆகும் போலிருக்கிறது. வேறு வண்டியில் சொருகிப் பாஸ் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், ஹேவர்ட்

பதில்: அவர் நம்பரை அழித்துவிடுங்கள். அது குற்றம். இப்போதைய கார்கள் சொருகிய உடனே தன் விஐஎன் என்ற அடையாள எண்ணையும் சேர்த்தே சொல்லிவிடும். மாட்டுவது அவர் மட்டும் இல்லை.

ஸ்மாக் முடியாவிட்டாலும் கட்டணத்தைக் கெடுவுக்குள் டிஎம்வியில் (வாகனப் பதிவு அலுவலகம்) கட்டிவிடுங்கள். அபராதம் வராது, ஸ்டிக்கர் மட்டும் ஸ்மாக் முடிந்த பிறகு வரும். டெஸ்டில் ஃபெயிலாகிவிட்டால், கட்டணம் கட்டியவர்களுக்கு 50 டாலரில் 60 நாள் தற்காலிக அனுமதி உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நீங்கள் எப்போதும் கலிஃபோர்னியா கதையே எழுதுகிறீர்கள். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்களுக்கு எங்களைவிடத் தளர்வு. 2001 மாடல் முதல் வந்த பெட்ரோல் காரில் எந்த மானிட்டராவது ஒன்று பாக்கி இருக்கலாம். 1996 முதல் 2000 வரை என்றால் இரண்டு. டெக்சாஸிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். அங்கே 2025 முதல் சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை எடுத்துவிட்டார்கள், ஆனால் ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கத்து கவுன்டிகளில் புகைச் சோதனை இருக்கிறது.

உங்கள் ஊரில் தொல்லை கொடுப்பது குளிர். வெளியே 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் பல கார்கள் ஈவாப் சோதனையைத் தொடவே தொடாது. அந்த ஒன்றைப் பாக்கி வைத்துவிட்டு மற்றதை முடியுங்கள். ஜனவரியில் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் பேட்டரி மாற்றுவதை அக்டோபரிலேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கேள்வி: எங்கள் பழைய ப்ரியஸில் இன்ஜின் பாதி நேரம் ஓடுவதே இல்லை. மானிட்டர் எப்படி முடியும்?
– வாசகர், சன்னிவேல்

பதில்: ஊருக்குள்ளேயே சுற்றினால் முடியாதுதான். ஃப்ரீவேயில் 60 மைலில் இருபது நிமிடம் போங்கள், லேசான ஏற்றம் இருந்தால் இன்னும் நல்லது. மற்றபடி கேம்ரிக்குச் சொன்னதேதான்.

கேள்வி: அண்ணா, நான் மாணவன். 2011 சிவிக் ஒன்றை வாங்கப் பேசியிருக்கிறேன். விற்பவர், "ஸ்மாக் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், 200 டாலர் குறைத்துக்கொள்கிறேன்" என்கிறார். லாபம்தானே?
– வாசகர், சான் ஹோசே

பதில்: தம்பி, லாபம் அவருக்கு. கலிஃபோர்னியாவில் ஸ்மாக் சர்டிஃபிகேட் கொடுக்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு. அது 90 நாள் செல்லும். அப்பா மகனுக்கு, கணவன் மனைவிக்கு என்று குடும்பத்துக்குள் மாற்றினால் விலக்கு உண்டு. அந்நியர் உங்களுக்கு விற்பதற்குக் கிடையாது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒன்று செய்யுங்கள். ஹோண்டாக்கள் பலவற்றில் ஸ்கேனர் இல்லாமலே பார்க்கலாம். சாவியை ஆன் வரை திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். செக் இன்ஜின் லைட் சுமார் 20 விநாடி எரியும். அப்புறம் சும்மா அணைந்தால் மானிட்டர்கள் தயார். ஐந்து முறை சிமிட்டினால் ஏதோ ஒன்று தயாரில்லை. எது என்று அது சொல்லாது, அதற்கு ஸ்கேனர் வேண்டும்.

ஸ்கேனரைச் சொருகும்போது ஈவாப் மட்டும் பாக்கி என்றால் கவலை இல்லை. எல்லா வரியும் "இன்கம்ப்ளீட்" என்று வந்தால், நேற்றோ இன்று காலையோ யாரோ கம்ப்யூட்டரைத் துடைத்திருக்கிறார்கள். பேட்டரி புதிதா என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். புதிது என்றால் ஒருவேளை அதனால் இருக்கலாம். பழைய பேட்டரி, அதன் டெர்மினலில் பச்சைப் பூ பூத்திருக்கிறது, மானிட்டர் மட்டும் புத்தம் புதுசாக வெறுமையாக இருக்கிறது என்றால் ஒரு கோட்டை மறைக்கிறார்கள். அது பி0420 ஆக இருந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கதையாகவும் இருக்கலாம். கலிஃபோர்னியாவில் அங்கீகாரம் பெற்ற கன்வெர்ட்டர்தான் போட வேண்டும், ஆயிரத்துக்கு மேல் போய்விடும். அவர் தரும் 200 டாலர் எந்த மூலைக்கு?

ஸ்மாக் எடுத்துக் கொடுத்தால் சொன்ன விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். சரி என்று தேதி சொன்னால் நல்ல வண்டி. "வேறு ஆள் காத்திருக்கிறார்" என்றால் அந்த ஆளுக்கே விட்டுவிடுங்கள்.