12 லிட்டரோடு நுவாங் ஏறிப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, நானும் என் கூட்டாளிகள் மூன்று பேரும் நுவாங் மலையைப் பலமுறை ஏறியவர்கள். அடுத்த வருடம் அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துக் கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில், 'மேஸ்' என்ற பகுதியில் குழாய், கழிவறை, விளக்கு எதுவும் இல்லாத இடத்தில் கூடாரம் போட்டு மூன்று நாள் நடக்க ஆசை. அட்டைக்கடியோடு காட்டில் நடந்தவர்களுக்குக் காய்ந்த பூமி சுலபம்தானே? (செந்தூல் வாசகர், கோலாலம்பூர்)

பதில்: இல்லை தம்பி. காட்டில் பழகிய உடம்புதான் அங்கே முதலில் ஏமாறும். நுவாங்கில் சட்டையைப் பிழியலாம், அதைப் பார்த்தே தண்ணீர் குடிக்கிறோம். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், நமக்கு வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு பாட்டிலைத் திறக்காமலே நடப்போம், தலைவலி வந்த பிறகுதான் புத்தி வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது பூங்காக்காரர்கள் சொல்லும் கணக்கு. மூன்று நாளுக்கு 12 லிட்டர், அதாவது 12 கிலோ. கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் அதற்கு மேல். பள்ளத்தாக்குக்குள் சில ஊற்றுகள் உண்டு, எதில் தண்ணீர் இருக்கிறது என்று ரேஞ்சரிடம் (பூங்காக் காவலர்) கேட்டுக்கொள்ளுங்கள், எடுத்தால் வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடியுங்கள். வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தாலும் உடம்பில் உப்பு குறைந்து தலை சுற்றும். அதற்கு ஈப்போ புந்தோங் கச்சாங் பூத்தே, அதான் உப்புப் போட்ட கடலை, நாலு பொட்டலம் பையில் இருக்கட்டும், விளையாட்டாகச் சொல்லவில்லை.

மழையும் அங்கே வேறு மாதிரி. நம் அருவிகளில் 'கெப்பாலா ஆயர்' வருமே, மேலே மலையில் பெய்து கீழே திடீரென்று வெள்ளம் பாயுமே, அதையே இரண்டு பக்கமும் பாறைச்சுவர் எழும்பிய குறுகல் சந்துக்குள் நினைத்துப் பாருங்கள். ஓடி ஏற இடம் இருக்காது. 1997 ஆகஸ்ட் 12 அன்று பக்கத்து மாநிலமான அரிசோனாவில், ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. அதனால் காய்ந்த ஓடைப் படுகை எவ்வளவு சமமாக, மெத்தை மாதிரி இருந்தாலும் அதில் கூடாரம் போடாதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தப் பயம் அதிகம், வெயிலும் கொளுத்தும். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்ல காலம். ஆனால் பாலைவனம்தானே என்று நான் ஓர் ஏப்ரலில் மெல்லிய போர்வையோடு போய், விடியும்வரை பல் கிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பகலுக்கும் இரவுக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும்.

பாதை? தார்ச்சாலையை விட்டு ஹான்ஸ் ஃபிளாட் ரேஞ்சர் நிலையத்துக்கே 74 கிலோமீட்டர் மண்பாதை. அங்கிருந்து மேஸ் பள்ளத்தாக்குகளுக்கு உயரமான ஃபோர் வீல் வண்டியில் இன்னும் 3 முதல் 6 மணி நேரம். வழியில் பெட்ரோல் கிடையாது. போனில் வழி காட்டும் வேஸை (Waze) நம்பாமல் காகித வரைபடம் வாங்குங்கள். மேஸ் ஓவர்லுக் பாதையில் பையைக் கயிறு கட்டி இறக்கவேண்டி வரும், 25 அடிக் கயிறு கொண்டுபோங்கள். இரவு தங்க அனுமதிச் சீட்டு கட்டாயம். என்னைக் கேட்டால் முதல் தடவை அதே பூங்காவின் நீடில்ஸ் பகுதிக்குப் போங்கள், அங்கே வண்டி போகும் முகாமில் தண்ணீராவது கிடைக்கும். அதற்கும் முன்னால் 12 லிட்டரை முதுகில் கட்டிக்கொண்டு நுவாங் ஒருமுறை ஏறுங்கள். பத்துமலையின் 272 படி போதாது.

கேள்வி: கழிவறை இல்லை என்றால் எப்படிச் சமாளிப்பது? (பட்டர்வொர்த் வாசகி, பினாங்கு)

பதில்: அதற்கென்றே தூள் போட்ட பை விற்கிறார்கள். அதில் போய், கட்டி, நீங்களே சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். முகம் சுளிக்காதீர்கள், ஈரமில்லாத மண்ணில் எதுவும் சீக்கிரம் மக்காது. கறுத்து, மேடுபள்ளமாகத் தெரியும் மண்ணை மிதிக்கவும் வேண்டாம். அது உயிருள்ள மண், பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து கட்டிய பொருக்கு, ஒரு காலடி பட்டால் தேற பல வருடம் ஆகும். பாறைமேல் அல்லது மணல் ஓடையில் நடங்கள். விறகு மூட்டவும் கூடாது, கேஸ் அடுப்புதான். கேஸ் டப்பாவை விமானத்தில் விடமாட்டார்கள், அங்கே போய் வாங்குங்கள்.

கேள்வி: என் மகன் இப்படித் தனியாகப் போகிறேன் என்கிறான். பயமாக இருக்கிறது. (ஒரு தாய், பிறை)

பதில்: அம்மா, போகவே கூடாது என்றால் சொல்லாமல் போவான், அதுதான் பெரிய ஆபத்து. 2003-இல் ஆரன் ரால்ஸ்டன் என்ற அமெரிக்கர், மேஸுக்குப் பக்கத்திலேயே புளூஜான் கேன்யனில் தனியாக நடந்தபோது பாறை உருண்டு வலது கை மாட்டிக்கொண்டது. எங்கே போகிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை, அதனால் தேடி வரவும் ஆள் இல்லை. ஐந்து நாளுக்குப் பிறகு தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். கூட ஒருவரையாவது கூட்டிப்போகச் சொல்லுங்கள். எந்தப் பாதை, எந்த இரவு எங்கே, எந்தத் தேதி எத்தனை மணிக்குத் திரும்பி வந்து போன் செய்வான், செய்யாவிட்டால் நீங்கள் யாரைக் கூப்பிட வேண்டும், எல்லாவற்றையும் அவன் கையாலேயே எழுதி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.