பாறைக்கு அடியில் ஒதுங்கலாமா?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் எட்டுப் பேராக வெள்ளியங்கிரி போனோம். காலை ஒன்பது மணிக்குப் பூண்டி அடிவாரத்தில் கிளம்பி, ஏழாவது மலையைத் தொடும்போது மதியம் மூன்று. இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய பாறைக்கு அடியில் நெருக்கியடித்து ஒதுங்கினோம். இறங்கி வந்த ஒரு பெரியவர், "அங்க நிக்காதீங்க சாமி, கீழ இறங்குங்க" என்று சத்தம் போட்டார். நனைந்துகொண்டே இறங்குவதா பாதுகாப்பு?
(ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: பெரியவர் சொன்னதுதான் சரி. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு பாறைக்கு அடியில் உட்கார்ந்து பொரிகடலை தின்றவன்தான். ஒன்றும் ஆகவில்லை. ஆகாததாலேயே பத்து வருடம் மற்றவர்களுக்கும் அதையே சிபாரிசு செய்துகொண்டிருந்தேன்!

உச்சியில் விழும் மின்னல் ஈரப் பாறையை ஒட்டியே கீழே ஓடி வரும். வழியில் குடைவாக ஓர் இடம் இருந்தால், மேல் விளிம்பிலிருந்து தரைக்குத் தாவும். நடுவில் ஆள் நின்றால் அவர் வழியாகத் தாவும். நீங்கள் எட்டுப் பேரும் நின்றது அங்கேதான். நேரடியாக மேலே விழ வேண்டும் என்றுகூட இல்லை, தரையில் பரவி வருவதே போதும். 2016 ஆகஸ்டில் நார்வே மலைச் சமவெளியில், இடிமழைக்கு நெருங்கி நின்ற 323 பனிமான்கள் மொத்தமாகச் செத்துக் கிடந்தன. அதனால் ஆளுக்கு ஆள் நல்ல இடைவெளி விட்டு இறங்க வேண்டும். ஒருவர் விழுந்தாலும் தூக்கிவிட மற்றவர்கள் இருப்பார்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்காது, பயமில்லாமல் தொடலாம். மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யுங்கள்.

செல்போனை அணைத்தீர்களா என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டு இறங்குங்கள். செல்போன் மின்னலை இழுக்காது.

அப்புறம், ஒன்பது மணிக்கா கிளம்புவது? வெயிலுக்குப் பயந்துதான் பலரும் ராத்திரியில் ஏறுகிறார்கள், ஆனால் கோடை இடிக்கும் அதுவே நல்ல வழி. காலை வெயிலில் மலை சூடேறி, ஈரக்காற்று மேலே எழும்பி, பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் மேகம் திரளும். அதற்குள் நீங்கள் பாதி மலை இறங்கியிருக்க வேண்டும்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க மூன்று விநாடி ஆனால், அது ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. முப்பதுக்குள் கேட்டாலே ஆபத்துதான். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் போகும்வரை மறுபடி மேலே ஏறக் கூடாது. என் பாட்டி போல "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று எண்ணினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, இறங்கிக்கொண்டே எண்ணுங்கள்.