அலைச்சறுக்கு ஊரில் ஐந்து நாட்கள்: ஓத அட்டவணையைக் கையில் வைத்துத் திட்டமிடுங்கள்

வாசகர் கேள்வி: குடும்பத்துடன் ஐந்து நாள் விடுமுறையை, வெப்பமண்டலக் கரையோரத்தில் பரபரப்பில்லாத ஓர் அலைச்சறுக்கு ஊரில் கழிக்க எண்ணுகிறோம். இலங்கையின் அறுகம் குடா, பிலிப்பைன்ஸின் சியர்காவோ, கோஸ்டா ரிக்காவின் தமரிண்டோ ஆகிய மூன்றும் பரிசீலனையில் உள்ளன. நானும் 12 வயது மகளும் அலைச்சறுக்கு கற்க விரும்புகிறோம். இருவருக்கும் ஓரளவு நீச்சல் தெரியும். என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. மூவருக்கும் பொருந்தும்படி நாட்களை எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்: நாட்களைப் பிரிப்பதற்கு முன் மாதத்தை முடிவு செய்யுங்கள். அலை பருவத்தைச் சார்ந்தது. அறுகம் குடாவில் ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அலை கிடைக்கும். அதே தீவின் தென்கரையிலுள்ள வெலிகமவில் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை. சியர்காவோவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் அலை உச்சத்தில் இருக்கும், ஆனால் அதன் புகழ்பெற்ற ‘கிளவுட் 9’ அலை பவளப்பாறையின் மேல் உடைவதால், அது புதியவர்கள் இறங்குமிடம் அன்று. அங்கே கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில் நின்று, தேர்ந்தவர்கள் சறுக்குவதைப் பார்க்கலாம். தமரிண்டோவில் அடித்தளம் பெரும்பாலும் மணல். மழையற்ற டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான காலம் குடும்பத்துக்கு வசதியானது. முதன்முறை பலகையில் ஏறுபவர்களுக்கு அலையின் புகழைவிட அடியில் இருப்பது மணலா பாறையா என்பதே முக்கியம். அந்த அளவுகோலின்படி உங்கள் மூன்றில் நான் தமரிண்டோவையே முதலில் வைப்பேன். அறுகம் குடாவுக்குச் செல்வதாக இருந்தால், தேர்ந்தவர்கள் சறுக்கும் முதன்மை முனையை (மெயின் பாயிண்ட்) விட்டுவிட்டு, பயிற்றுநர் காட்டும் சிறிய அலைகளில் இறங்குங்கள்.

இனி நாளின் ஒழுங்கு. இத்தகைய ஊர்களில் கடிகாரத்தைவிடக் காற்றும், கடல்மட்டம் ஏறி வற்றும் ஓதமுமே வேலையைத் தீர்மானிக்கின்றன. இரவில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்வதால், விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். எதிரே வரும் அலையின் முகத்தை அது தாங்கிப் பிடிப்பதால், அலை சீராக எழுந்து சீராக உடையும். வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்றின் திசை மாறி, முற்பகலுக்குள் கடற்காற்று அலையைக் கலைத்துவிடும். எனவே பயிற்சி வகுப்பைக் காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் கேளுங்கள். பத்து மணிக்கு மேல்தான் இடம் உண்டு என்று சொல்லும் பயிற்சி நிலையத்தைவிட, ‘நாளை ஓதம் எப்போது என்று பார்த்துவிட்டு இரவு சொல்கிறேன்’ என்று சொல்லும் நிலையத்தையே நான் நம்புவேன்.

ஓதம் என்னும் ஏற்றவற்றத்தை ஒரு முறை புரிந்துகொண்டால் ஐந்து நாட்களும் உங்கள் கைக்குள் வந்துவிடும். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடங்கள் பின்னுக்குத் தள்ளிப்போகும். திங்கட்கிழமை காலை 6 மணிக்கு ஏற்றம் உச்சத்தில் இருந்தால், செவ்வாய் 6.50, புதன் 7.40, வியாழன் 8.30, வெள்ளி 9.20 என்று அது நகரும். வற்றம் திங்களன்று நண்பகலை ஒட்டியும் வெள்ளியன்று பிற்பகல் மூன்றரையை ஒட்டியும் வரும். சில இடங்களில் அலை ஏற்றத்தில் நன்றாக உடையும், சில இடங்களில் வற்றத்தில். அதை உள்ளூர்ப் பயிற்றுநர்தான் சொல்ல வேண்டும். தங்குமிடத்துக்குள் நுழைந்ததும் அந்த வாரத்தின் ஓத அட்டவணையைக் கேட்டு வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

முதல் வகுப்பில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் மகளுக்கும் உங்களுக்கும் பதற்றம் குறையும். நுரைப்பொருள் போர்த்திய, எட்டு அல்லது ஒன்பது அடி நீளமுள்ள மென்பலகையைத் தருவார்கள். சிறிய, கூரான பலகையைக் கேட்டு வாங்காதீர்கள். முதல் அரை மணி நேரம் மணலில்தான். குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை விலா எலும்புகளின் பக்கத்தில் ஊன்றி, மார்பை உயர்த்தி, ஒரே வீச்சில் முன்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவந்து, முழங்கால் மடங்கிய நிலையில் எழ வேண்டும். முழங்காலில் முதலில் நின்று பின்பு எழுவது எளிதாகத் தோன்றும், ஆனால் அப்பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடாது. எழுந்ததும் கண் கரையைப் பார்க்க வேண்டும். பாதத்தைக் குனிந்து பார்த்தவர் அந்த நொடியே விழுவார். பிறகு இடுப்பளவு நீரில், அலை உடைந்து வெள்ளை நுரையாக உருண்டுவரும் பகுதியில் பயிற்சி தொடரும். அந்த நுரையே முதல் இரண்டு நாட்களுக்குப் போதும்.

விழுவதற்கும் முறை உண்டு. தலைகீழாகப் பாயாமல், தட்டையாக, உடலைப் பரப்பி விழுங்கள். மேலே வரும்போது இரு கைகளாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள், ஏனெனில் கால்கயிற்றில் கட்டப்பட்ட பலகை உங்கள் பக்கமே திரும்பி வரும். உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவில் பலகை ஒருபோதும் இருக்கக் கூடாது. பலகையில் உரசி வயிறும் முழங்காலும் சிவந்துவிடும் என்பதால் முழுக்கை நீராடை அணிவது நல்லது. வெயிலுக்கும் அதுவே சிறந்த காப்பு. ஒன்றரை மணி நேரத்தில் தோள் ஓய்ந்துவிடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். மூன்றாம் வகுப்பில் நுரையைத் தாண்டிச் செல்லும் துணிவு வந்தால் ஒரு விதியை மறக்காதீர்கள்: அலை உடையத் தொடங்கும் உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது, பிறர் விலக வேண்டும்.

நீச்சல் தெரிந்தவர்களையும் ஏமாற்றும் ஒன்று இழுப்பு நீரோட்டம். கரைக்கு வந்து குவியும் நீர் ஏதாவதொரு வாய்க்கால் வழியே கடலுக்குத் திரும்புவதுதான் அது. இரு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல், நீர் சற்றுக் கருத்து, அமைதியாகத் தோன்றும். குழந்தையை இறக்குவதற்குப் பாதுகாப்பான இடம் என்று புதியவர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். வழக்கமாக நொடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும் இந்த நீரோட்டம் சில வேளைகளில் நொடிக்கு 2.4 மீட்டர் வரை எட்டும்; போட்டி நீச்சல் வீரரும் அதை எதிர்த்து நீந்த முடியாது. அது ஆளை அடிக்கு இழுப்பதில்லை, கடல் பக்கம்தான் கொண்டுபோகும். ஆகவே மிதந்தபடி மூச்சைக் காத்துக்கொண்டு, கையை உயர்த்தி உதவி கேளுங்கள்; முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியேறுங்கள்; பலகை இருந்தால் அதை விடாதீர்கள். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் நடப்பட்டிருந்தால், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிதான் உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கும் பகுதி. இந்தப் பத்தியை உங்கள் மனைவியும் படிக்கட்டும், ஏனெனில் முழங்காலளவு நீரில் நிற்பவரையும் வாய்க்கால் ஓரத்து மணல் சரித்துவிடக் கூடும்.

நீச்சல் தெரியாதவருக்கு இத்தகைய ஊர்களில் ஒன்றும் இல்லை என்று எண்ணுவது தவறு. நல்ல அலை உடையும் கரைகள் பலவும் ஆறோ களப்போ (காயல்) கடலைச் சேரும் இடத்தை ஒட்டியே இருக்கின்றன. ஆறு கொண்டுவரும் மணல் திட்டாகப் படிந்து அலையைச் சீராக உடைய வைக்கிறது. அதனால் சீறும் அலைக்குச் சற்றுத் தொலைவிலேயே அசையாத நீர் கிடைக்கிறது. உங்கள் மூன்று ஊர்களிலும் அமைதியான நீர் உண்டு: அறுகம் குடாவுக்கு அருகே பொத்துவில் களப்பு, சியர்காவோவில் தீவின் மறுபக்கத்திலுள்ள டெல் கார்மென் அலையாத்திக் காடுகள், தமரிண்டோவில் ஊரை ஒட்டிய கழிமுகம். பொத்துவில் களப்பில் உள்ளூர் மீனவர்களே தோணியில் அழைத்துச் செல்கிறார்கள். ஏற்றம் நிறையும் நேரத்தில் கிளம்பினால் தோணி சேற்றில் தட்டாமல் கிளைவாய்க்கால்களுக்குள் நுழையும். வற்றத்தில் கிளம்பினால் வேர்களுக்கிடையே நண்டும் கொக்கும் அதிகம் தெரியும். எதை விரும்புகிறீர்கள் என்று படகோட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உயிர்காப்பு மேலங்கியை அணிந்த பிறகே தோணியில் கால் வைக்க வேண்டும். தமரிண்டோ கழிமுகத்தில் முதலைகள் உண்டு; கழிமுகம் எதிலும், ஆழமில்லை என்று யாராவது சொன்னாலும், நடந்து கடக்கவோ கால் நனைக்கவோ வேண்டாம். கனமழை பெய்திருந்தால் ஆற்றுவாயை ஒட்டிய கடலிலும் இரண்டு மூன்று நாட்கள் இறங்காதீர்கள், ஊரின் கழிவெல்லாம் அப்போது அங்கேதான் வந்து சேரும்.

வற்றம் வரும் நேரத்தில் பாறைக் குட்டைகளைப் பார்ப்பது மூவரும் சேர்ந்து செய்யக்கூடியது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகத் தொலைவு உள்வாங்கும். அடிப்பகுதி தடித்த காலணி அணிந்து, வற்றத்தின் கடைசிக் கட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சென்று, நீர் திரும்பத் தொடங்கியதும் கரையேறிவிட வேண்டும். குட்டை ஒன்றின் ஓரத்தில் நிழல் விழாதபடி ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால், வெறும் கல்லாகத் தெரிந்த இடத்திலிருந்து சங்குக்கூட்டைச் சுமந்த துறவி நண்டு நகரத் தொடங்குவதை மகள் தானே கண்டுபிடிப்பாள். கடல் முள்ளெலி எனப்படும் முள்மூரையைத் தொட வேண்டாம். பவளத்தில் கீறல் பட்டால் சிறியதென்று விடாமல், நல்ல நீரில் தேய்த்துக் கழுவித் துணுக்குகளை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் சீழ் பிடிக்கும்.

பதினொன்று முதல் மூன்றரை வரை எந்தத் திட்டமும் போடாதீர்கள். இந்த நேரத்தில் ஊரே கிறங்கிக் கிடக்கும். நீங்களும் உறங்கலாம், படிக்கலாம். அதற்கும் மேல் கால் துறுதுறுத்தால், பலகை பழுதுபார்க்கும் பட்டறையைத் தேடிப் போங்கள். அலைச்சறுக்கு ஊர் எதிலும் ஒன்றாவது இருக்கும். பலகையின் உடைந்த நுனியைச் சீவி, கண்ணாடியிழைத் துணியை வைத்து, பிசின் பூசித் தேய்ப்பதைத் தள்ளி நின்று பார்க்க அனுமதிப்பார்கள். சில பிசின்கள் வெயிலில் வைத்த சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். தேய்க்கும் தூசி மூச்சுக்கு ஆகாது என்பதால் காற்று வரும் பக்கம் நில்லுங்கள்.

மாலை நடைக்கு உரியது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அந்தி நீளாது. சூரியன் மறைந்த இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் நன்கு இருட்டிவிடும், எனவே கைவிளக்கு இல்லாமல் தொலைதூர முனைவரை போக வேண்டாம். ஆமைகள் முட்டையிடும் பருவமாக இருந்தால் ஓர் இரவை அதற்கு ஒதுக்குங்கள். தமரிண்டோவுக்கு எதிர்க்கரையிலுள்ள பிளாயா கிராண்டே, தோல்முதுகு ஆமைகளைக் காக்கும் லாஸ் பாவ்லாஸ் தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. இன்னும் தெற்கே ஒஸ்தியோனலில் பங்குனி ஆமைகள் ஆயிரக்கணக்கில் கூட்டமாகக் கரையேறும். அனுமதி பெற்ற வழிகாட்டியுடன் மட்டுமே போக வேண்டும், வெள்ளை விளக்கும் புகைப்பட ஒளியும் கூடாது. மணிக்கணக்கில் காத்திருந்தும் ஒன்றும் வராமல் போகலாம் என்று மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அலையைவிட அதிகமாக நான் எச்சரிப்பது வாடகை ஸ்கூட்டரை. கால்சட்டையும் செருப்புமாக மூவர் ஒரே வண்டியில் போவதை அங்கே நிறையப் பார்ப்பீர்கள். இருசக்கர வாகனத்துக்குச் செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் உரிமமும் தலைக்கவசமும் இல்லாவிட்டால், பயணக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக் கூடும். ஐந்து நாட்களுக்கு ஓட்டுநருடன் வரும் வாடகை வண்டியே போதும்.

ஐந்து நாள் பயிற்சித் தொகுப்பை முன்கூட்டியே வாங்காமல், முதல் வகுப்புக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மகள் தொடர விரும்பினால் இரண்டாம், நான்காம் நாட்களைச் சேர்த்துக்கொண்டு, நடுவில் ஒரு நாள் தோளுக்கு ஓய்வு கொடுங்கள். கிளம்பும் நாள் காலையில் வகுப்பு வேண்டாம். ஈர நீராடைகள் காய நேரம் இருக்காது. கால் வழுக்காமலிருக்கப் பலகையில் பூசும் மெழுகு அவற்றில் ஒட்டியிருந்தால், பயணப்பெட்டியின் சூட்டில் உருகி மற்றத் துணிகளிலும் பரவிவிடும். அப்படிப் பரவிவிட்டால், துணியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மெழுகை இறுக்கி, மழுங்கிய கத்தியால் சுரண்டி எடுத்த பிறகு துவையுங்கள்.