பனிக்கால கோல்ஃப் மைதானத்தில் நாயோடு நடை: கேள்வி பதில்

ரொறன்ரோ வட்டாரத்தில் கோல்ஃப் ஆட்டம் பொதுவாக நவம்பரோடு ஓய்ந்து ஏப்ரலில்தான் திரும்பும். இடைப்பட்ட மாதங்களில் நாயை அங்கே கூட்டிப்போக நினைப்பவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: அண்ணா, நாங்கள் ஸ்காபுறோவில இருக்கிறம். பக்கத்து மைதானம் பூட்டியாச்சு, வேலியில ஒரு இடைவெளி இருக்கு. நாயோட உள்ள போகலாமா?

வேலியில் இடைவெளி இருப்பது அனுமதி ஆகாது. தனியார் மைதானம் என்றால் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். டாம் ஓ'ஷான்டர், டென்டோனியா பார்க் போன்றவை நகராட்சியுடையவை. அங்கே குளிர்கால விதி என்ன என்று வாசல் பலகையைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது, ஊர்மக்கள் நாயோடு நடப்பார்கள். அது அந்த ஊர் வழக்கம், இங்கே செல்லாது.

கேள்வி: நகராட்சி இடத்தில் பத்து மீட்டர் நீளக் கயிறு போடலாமா?

கூடாது. ரொறன்ரோ விதிப்படி கயிறு 2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது.

கேள்வி: புல் எப்படியும் பனிக்கு அடியில்தானே கிடக்கிறது? கிரீன் மேல் நடந்தால் என்ன கெட்டுவிடும்?

அந்தப் புல் சாகவில்லை, உறங்குகிறது. கிரீன் என்பது பந்து விழும் குழி இருக்கும் வழவழப்பான புல்தரை. அங்கே புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்கு வெட்டி வைத்திருப்பார்கள். அவ்வளவு குட்டையான புல்லுக்குத் தாங்கும் சக்தி குறைவு.

நவம்பரிலும் ஏப்ரலிலும் காலையில் உறைபனி படியும்போதுதான் ஆபத்து அதிகம். இலையின் செல்லுக்குள் இருக்கும் நீர் அப்போது உறைந்திருக்கும். அந்த நேரத்தில் மிதித்தால் செல்சுவர் நொறுங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் பாதம் பட்ட இடமெல்லாம் பழுப்பேறும். குனிந்து பார்த்தால் நாயின் நான்கு விரலும் நடுத்திண்டும் அச்சுப்போல் தெரியும். சாய்ந்த இலை மறுபடி நிமிராது. புது இலை வந்துதான் அந்தத் தடம் மறையும், குளிரில் அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

பனி கனமாக விழுந்த பிறகும் கிரீனைச் சுற்றியே போங்கள். ஒரே தடத்தில் பலர் நடந்தால் பனி இறுகிப் பனிக்கட்டியாகும். அது புல்லுக்குக் காற்றை மறைத்துவிடும். சில மைதானங்களில் கிரீனை விரிப்பால் மூடியிருப்பார்கள், நாயின் நகம் பட்டால் கிழியும். பங்கர் எனும் மணல்குழியைக் கண்டால் நாய்க்குத் தோண்டக் கை துறுதுறுக்கும், அங்கேயும் விடாதீர்கள். வண்டிப்பாதையும், ஓரத்தில் புல்லை நீளமாக விட்டிருக்கும் ரஃபும் போதும்.

கேள்வி: மருந்து அடிப்பார்களாமே?

ஆமாம். பனிக்கு அடியில் பூஞ்சை பிடித்துப் புல் அழுகாமலிருக்க, பனி நிலைப்பதற்குச் சற்று முன் கிரீனில் பூஞ்சைக்கொல்லி தெளிப்பார்கள். ஒன்டாரியோவில் வீட்டுப் புல்தரைக்குப் பல பூச்சிக்கொல்லிகள் 2009 முதல் தடை. கோல்ஃப் மைதானங்களுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. எந்த நாளில் அடிக்கிறார்கள் என்று ஊழியரிடமே கேளுங்கள். ஈரம் காயும் முன் போகாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடையுங்கள். கழுவாமல் விட்டால் நாய் நக்கியே உள்ளே இழுத்துக்கொள்ளும். கார் நிறுத்துமிடத்து உப்பும் அதோடு போய்விடும்.

கேள்வி: என் லாப்ரடார் ரஃபில் கிடந்த பந்தை விழுங்கிவிட்டது. வாந்தி எடுக்க வைக்கலாமா?

வைக்கவே கூடாது. கோல்ஃப் பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர். திரும்பி வரும்போது தொண்டையில் சிக்கினால் மூச்சு அடைக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு, உப்புத்தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். சாப்பாட்டை நிறுத்தி உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரேயில் பந்து தெரியும். வயிற்றிலேயே இருந்தால் எண்டோஸ்கோப்பிலோ அறுவை செய்தோ எடுப்பார்கள். குடலுக்குள் போய் அடைத்துக்கொண்டால் சிக்கல் பெரிது. நாய் சும்மா விளையாடிக்கொண்டிருக்கிறதே என்று நாளைக்குத் தள்ளாதீர்கள். நடக்கும்போது ‘விடு’ என்றதும் வாயில் இருப்பதைப் போடப் பழக்குவதுதான் முன்காப்பு.

கேள்வி: குளம் உறைந்திருக்கிறது. நாயை ஓடவிடலாமா?

வேண்டாம். ஆள் ஒருவர் நடக்கவே 15 சென்டிமீட்டர் கனமான பனிக்கட்டி வேண்டும். கோல்ஃப் குளத்தில் காற்றூட்டும் கருவி ஓடலாம், வடிகால் நீர் வந்து விழலாம். அதனால் ஒரு மூலை கெட்டியாகவும் பத்தடி தள்ளி மெல்லிசாகவும் இருக்கும். நாய் விழுந்துவிட்டால் பின்னால் இறங்காதீர்கள். கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே 911-ஐ அழையுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் உண்ணி இருக்காதுதானே?

கருங்கால் உண்ணி 4 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே நடமாடும், ஜனவரியானாலும் சரி. ஸ்காபுறோவின் கிழக்கே ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் அது நிலைத்துவிட்டது. சருகு குவிந்த ஓரத்தில் நடந்தால் அன்றைக்கே காதுமடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடி, கக்கம், விரலிடுக்கு எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். திருகவோ, எண்ணெய் தடவவோ, சுடவோ வேண்டாம். உண்ணி கடித்து வரும் லைம் நோயின் கிருமி பரவ, வழக்கமாக உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், ஆகவே அன்றன்றே எடுத்துவிடுங்கள்.